குறை சொன்ன படிவம் ஒன்று காட்டுங்கள்

நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். 2016-லிருந்து மாணவர்களுக்கான வேலை வழிகாட்டு மையமும் என் பொறுப்பில் இருக்கிறது. இந்த 9 வருடத்தில், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் குழு இரண்டு முறை எங்கள் கல்லூரிக்கு வந்து போயிருக்கிறது. முதல் முறை வந்தபோது எங்கள் மையத்தின் ஃபைல்கள் மிக நன்றாக இருந்தன, வேலை அப்படி இல்லை. இரண்டாம் முறை வேலையும் ஓரளவு நன்றாக இருந்தது. இடையில் என்ன மாற்றினோம், எங்கே தவறினோம் என்பதை எழுதி வைக்கிறேன். மலைப்பகுதிக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் இதே பொறுப்பைப் புதிதாக வாங்கியிருக்கும் ஆசிரியர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாக் என்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரச்சான்று தர பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 1994-இல் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் பெங்களூரு. எங்களை மதிப்பிட்ட முறையில் மொத்தம் 7 அளவுகோல்கள். அதில் 5-ஆவது, மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். எங்களைப் போன்ற மையங்கள் செய்யும் வேலை அந்த 5-இல்தான் வந்தது. 2017-இல் முறை மாறிய பிறகு, பெரும்பகுதித் தகவலைக் கல்லூரியே எண்ணிக்கையாக இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. போட்டித் தேர்வு வழிகாட்டலாலும் தொழில் ஆலோசனையாலும் 5 வருடத்தில் எத்தனை மாணவர் பயனடைந்தார்கள், படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சர்குலர், வருகைப் பதிவு, எடுத்த இடம் பதிவான ஜியோடேக் போட்டோ, வேலை ஆணையின் நகல் என்று ஆதாரம் வேண்டியிருந்தது. அதன் பிறகு வெளி மாநிலப் பேராசிரியர்கள் அடங்கிய பியர் டீம் நேரில் வந்தது.

இதில் 'பயனடைந்தவர்' என்ற ஒரு சொல்லில்தான் நாங்கள் வழி தவறினோம். கலையரங்கில் 300 பேரை உட்கார வைத்து, கோவையிலிருந்து ஒரு பயிற்சி மைய ஆசிரியரை அழைத்து 2 மணி நேரம் பேச வைத்தால், பட்டியலில் 300 பேர் பயனடைந்தவர்கள். அப்படி வருடத்துக்கு ஏழெட்டுக் கூட்டம் நடத்தினோம். கணக்குப்படி எங்கள் மாணவர் எண்ணிக்கையைவிடப் பயனடைந்தவர் எண்ணிக்கை அதிகம். யாரும் பொய் எழுதவில்லை. கூட்டம் நடந்தது, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், போட்டோ இருக்கிறது.

2018-இல் பியர் டீம் வந்தது. எங்கள் மையத்துக்கு வந்தவர் கேரளத்திலிருந்து வந்த மூத்த பேராசிரியர், தமிழ் நன்றாகப் பேசினார். மேசையில் 14 ஃபைல்கள் அடுக்கியிருந்தேன். அவர் கருத்துப் படிவங்கள் இருந்த ஃபைலை எடுத்துப் பத்து நிமிடம் புரட்டினார். அப்புறம், "டீச்சர், குறை சொன்ன படிவம் ஒண்ணு காட்டுங்க" என்றார்.

தேடினேன். 'மிக நன்று', 'நன்று' என்ற இரண்டைத் தவிர எதுவும் இல்லை. கூட்டம் முடிந்ததும் கதவருகில் நின்று, பெயரும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லி வாங்கிய படிவங்கள் அவை. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைகள் வேறு என்ன எழுதுவார்கள்? அவர் கோபப்படவில்லை. "சரி, இந்தப் படிவங்களைப் பார்த்தபிறகு நீங்க மாத்தின விஷயம் ஒண்ணு சொல்லுங்க" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வேலை ஆணை நகல்களில் ஒன்றை எடுத்து, "இவர் இப்ப அங்கேதான் இருக்காரா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மதிப்பெண் பற்றிய கவலை இல்லை. அந்த ஆணைக்குரிய மாணவர் கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. வேலை கிடைத்ததும் அவர் அம்மா கல்லூரிக்கே வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் ஒரு முறைகூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மறுநாள் அழைத்தேன். சென்னையில் 4 மாதம் இருந்துவிட்டு, விடுதி வாடகையும் சாப்பாடும் போகக் கையில் ஒன்றும் நிற்காமல் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பவே இல்லை. அப்பாவோடு தோட்டத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் புள்ளிவிவரத்தில் அவர் அப்போதும் வேலை பெற்றவர்.

அதற்கப்புறம்தான், வழிகாட்டும் சேவைக்கென்றே தனியாகத் தர அளவுகோல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, மேட்ரிக்ஸ் தரச்சான்று. தகவல், ஆலோசனை, வழிகாட்டல் தரும் அமைப்புகளுக்காக நான் படித்தபோது அந்த நாட்டின் கல்வித் துறைக்கு உரிமையாக இருந்த முத்திரை அது. ஒரு முறை வாங்கினால் 3 வருடம் செல்லும், ஆனால் ஒவ்வொரு வருடமும் என்ன முன்னேற்றம் செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். தலைமையும் நிர்வாகமும், வளங்கள், சேவை தரும் விதம், தொடர்ந்து மேம்படுத்துதல் என நான்கு பகுதிகளாக நான் படித்த வடிவம் இருந்தது. அந்த நான்காவதைப் படித்தபோது கேரளப் பேராசிரியரின் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது.

இன்னொன்று கேட்ஸ்பி அளவுகோல்கள். சர் ஜான் ஹோல்மன் என்பவர் நெதர்லாந்து, ஜெர்மனி, பின்லாந்து, கனடா, அயர்லாந்து, ஹாங்காங் ஆகிய இடங்களில் பள்ளி வழிகாட்டல் எப்படி நடக்கிறது என்று பார்த்து 2014-இல் தந்த அறிக்கையில் வந்தவை. மொத்தம் 8. நிலையான திட்டம், வேலைச் சந்தை பற்றிய சரியான தகவல், ஒவ்வொரு மாணவரின் தேவை, பாடத்தோடு வேலையை இணைப்பது, வேலை தருபவர்களைச் சந்திப்பது, பணியிடத்தை நேரில் பார்ப்பது, மேற்படிப்பு நிறுவனங்களைச் சந்திப்பது, தனிப்பட்ட ஆலோசனை. கடைசி ஒன்றில் தெளிவாகச் சொல்கிறார்கள்: ஒவ்வொரு மாணவருக்கும் 16 வயதுக்குள் ஒரு தனிச் சந்திப்பு, 18 வயதுக்குள் இன்னொன்று. கூட்டத்தில் உட்கார வைத்தால் கணக்கில் வராது.

இவை இங்கிலாந்துப் பள்ளிகளுக்காக எழுதப்பட்டவை. எங்களுக்கு அந்த முத்திரை வேண்டியதில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. ஆனால் அந்த எட்டையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'செய்கிறோம், பாதி செய்கிறோம், செய்யவில்லை' என்று நானும் மூன்று சக ஆசிரியர்களும் தனித்தனியாகக் குறித்தோம். 'ஒவ்வொரு மாணவரின் தேவை', 'தனிப்பட்ட ஆலோசனை' இரண்டுக்கும் நால்வருமே 'செய்யவில்லை' என்று குறித்திருந்தோம். இந்தப் பொறுப்பை ஏற்றதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும், காசு செலவில்லை. ஆனால் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், சேர்ந்து உட்கார்ந்தால் எல்லோரும் 'பாதி செய்கிறோம்' என்றே போட்டுவிடுவார்கள்.

தனிச் சந்திப்பு என்றதும் எல்லோரும் கேட்டது, நேரம் எங்கே என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இறுதியாண்டில் 240 பேர். நாங்கள் 4 பேர். ஆளுக்கு 60. ஒரு பருவத்தில் 90 வேலை நாள். ஒரு நாளைக்கு ஒருவரை 20 நிமிடம் பார்த்தால் ஒரு பருவத்தில் முடிந்து, 30 நாள் மிச்சமும் இருக்கிறது. கணக்காக எழுதிப் பார்க்கும்வரை அது முடியாத காரியமாகவே தெரிந்தது.

எந்த 20 நிமிடம் என்பதில்தான் முதல் வருடம் தோற்றோம். வகுப்பு முடிந்து மூன்றரை மணிக்கு வரச் சொன்னோம். பாதிப் பேர் வரவில்லை. அக்கறை இல்லாத பிள்ளைகள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். வராதவர்களின் பெயரோடு ஊரையும் எழுதிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மஞ்சூர் பக்கம், கீழ்கோத்தகிரி பக்கம், கொலக்கம்பை பக்கம். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் இறங்கும்போது இருட்டிவிடும். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். வழியில் காட்டெருமை நிற்கும், கரடி நிற்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ்ஸே வராத நாளும் உண்டு. டவுனில் வீடு இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வழிகாட்டல் கிடைத்து, அது அதிகம் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினோம். நாங்கள் கொஞ்சம் முன்னதாகச் சாப்பிட்டுவிடுவோம். மாணவர்கள் டிபன் பாக்ஸோடு வந்து, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று சொன்னோம். வருகை சரியாகிவிட்டது. உங்கள் மையத்துக்கு வராதவர்களின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மலையில் இது மிக முக்கியம்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இருந்தது நூலகத்தின் ஒரு மூலை. அங்கே ஒரு மாணவி கண்களைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க மேம்" என்று மட்டும் சொன்னாள். பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்தவள். ஒரு வாரம் கழித்து வெளியே மரத்தடியில் தனியாகப் பேசியபோதுதான், சாதிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை, கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிற்கிறது, அது இல்லாமல் எதற்கு விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை என்றாள். பக்கத்து மேசையில் வகுப்புத் தோழிகள் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வாள்? முதல்வரிடம் கேட்டு, கதவு உள்ள ஒரு சின்ன அறையை வாங்கினோம். பழைய பொருட்கள் போட்டு வைத்திருந்த அறை. பதிவேட்டுக்குப் பூட்டுள்ள அலமாரி வாங்கினோம்.

அந்தப் பதிவேடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு மாணவருக்கு ஒரு பக்கம். பெயர், ஊர், அவருடைய எண், இன்னொரு எண். அவர் என்ன கேட்டார், நாங்கள் என்ன சொன்னோம், அடுத்து யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது, பிறகு என்ன ஆனது. அவ்வளவுதான். 'நாங்கள் என்ன சொன்னோம்' என்ற கட்டத்தை முதலில் வைக்கவில்லை, ஒரு சக ஆசிரியை சொல்லிச் சேர்த்தோம். அதன் அருமை எனக்கு 2022-இல் தெரிந்தது.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த சட்டம். அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதியைத் தமிழ் வழியில் படித்திருந்தால் போதும் என்றுதான் அப்போது இருந்தது. குரூப் 4-க்குத் தகுதி 10-ஆம் வகுப்பு. 2019-இல் குன்னூர் மாணவி ஒருத்தி கேட்டபோது, "பத்தாவது தமிழ் மீடியம்தானே, உனக்கு அது இருக்கும்மா" என்றேன். சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும் என்று ஆனது. நான் அதைக் கவனிக்கவில்லை. 2022 குரூப் 4 அறிவிப்பு வந்ததும் அவள் சான்றுக்காகப் பள்ளி பள்ளியாகப் போனாள். 1, 2 வகுப்புகள் படித்த நர்சரிப் பள்ளியில், "இது இங்கிலீஷ் மீடியம்மா" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு போன் செய்தாள். "நீங்க சொன்னதை நம்பித்தான் மேம் பேங்க் கோச்சிங் போகல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அன்று மாலை பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இதே வாக்கியத்தை வேறு யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 11 பேர். எல்லோரையும் அழைத்தேன். மூன்று பேருக்கு அந்த முன்னுரிமை இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது, ஆனால் சான்று வாங்க வேண்டும் என்பதே தெரியாது. ஒருவர் 3-ஆம் வகுப்புவரை படித்த தோட்டப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. அதன் பதிவேடுகள் எங்கே போயின என்று கண்டுபிடித்து, அவர் சான்று வாங்க 6 வாரம் ஆனது. நேரத்துக்குள் வாங்கிவிட்டார். நான் சொன்னது எழுதப்படாமல் போயிருந்தால் அந்த 11 பேரும் யார் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது எங்கள் அறையில் ஒட்டும் எந்தத் தகவல் தாளிலும், 'கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்ற வரி இருக்கும். யார் சரிபார்த்தார் என்ற கையெழுத்தும் இருக்கும். 6 மாதம் தாண்டினால் தாளைக் கிழித்துவிடுவோம். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய், எல்லாவற்றுக்கும் இப்படித்தான். குரூப் 4-இல் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற பகுதி திருத்தப்படும் என்பதையும் தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் வந்தால் ஊட்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் கேட்டுக்கொள்கிறோம். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் உண்டு, பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.

அடுத்தது நடுநிலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்கு மேலே வரும் ஏஜென்ட்டுகள் அதிகம். ஏப்ரல் மாதம் ஆனால் பி.எட், எம்.பி.ஏ கல்லூரிகளிலிருந்து டைரியும் சுவர்க் கடிகாரமும் வரும். சேர்க்கைக்கு இவ்வளவு என்று ஆசிரியர்களிடம் நேராகவே பேசுவார்கள். ஒரு வருடம் வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி வந்து 32 பேரைத் 'தேர்ந்தெடுத்தது'. அவர்கள் கிளம்பிப் போன மறுவாரம், பயிற்சிக் கட்டணம் என்று ஆளுக்கு 8,000 ரூபாய் கேட்டுப் பிள்ளைகளுக்குப் போன் வந்தது. 5 பேர் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில் அம்மாவின் கம்மலை அடகு வைத்திருந்தார்கள். நாங்கள் சண்டை போட்டு இரண்டு பேருக்குத்தான் பணத்தைத் திரும்ப வாங்க முடிந்தது. அந்த நிறுவனத்தைக் கல்லூரிக்குள் விட்டது நாங்கள். பிள்ளைகள் எங்களை நம்பித்தான் கட்டினார்கள்.

அதன் பிறகு கதவில் நான்கு வரி எழுதி ஒட்டினோம். மாணவரிடம் எந்தப் பெயரிலும் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு இங்கே அனுமதி இல்லை. எந்தக் கல்லூரியிடமும் இந்த மையம் அன்பளிப்பு வாங்காது. ஒரு படிப்பைச் சொல்லும்போது குறைந்தது இன்னும் இரண்டு வழிகளையும் சொல்வோம். இதற்கு மாறாக யாராவது நடந்தால் முதல்வரிடம் சொல்லலாம். ஆட்களை அழைக்கும் முன் நிறுவனத்திடமும் இந்த நான்கு வரிக்குக் கையெழுத்து வாங்குகிறோம். சில நிறுவனங்கள் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டன. நல்லதாகப் போயிற்று.

ஏஜென்ட்டுகளை நிறுத்திவிட்டோம், நடுநிலை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு பருவம் முடிந்து நால்வரின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் 60 பேரில் 38 பேருக்கு அடுத்த படி 'வங்கித் தேர்வு' என்று எழுதியிருந்தது. தாவரவியல் ஆசிரியரின் 60-இல் 9 பேருக்குத்தான். அவரிடம் தோட்டக்கலையும் நர்சரியும் அதிகம். மாணவர்கள் யார் யாரிடம் என்பதை வரிசை எண்படிதான் பிரித்திருந்தோம், ஆக மாணவர்களின் விருப்பம் இப்படிப் பிரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்களுக்குத் தெரிந்ததைத்தான் நாங்கள் அவர்களுக்கு ஆசையாகக் காட்டியிருக்கிறோம். வங்கித் தேர்வுக்குக் காலை ஷிஃப்ட் கோவையில் விழுந்தால் முந்தின நாளே இறங்கித் தங்க வேண்டும், அதற்கே எத்தனை வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்பதைக்கூட நான் பலரிடம் கேட்டிருக்கவில்லை. இப்போது பருவ நடுவில் ஒரு முறை நால்வரும் பதிவேடுகளை மாற்றிப் படிக்கிறோம். இன்ட்கோ கூட்டுறவு தேயிலை ஆலைகளில் கணக்கு வேலை, கூட்டுறவுப் பட்டயம், சுற்றுலா, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வரும் பணியிடங்கள் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததையெல்லாம் மற்றவர்களின் பக்கங்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலை கிடைத்தவர் கணக்கையும் மாற்றினோம். இதில் கல்லூரிக்குள் வருத்தம் வந்தது. ஆணை வாங்கியவர் ஒரு பத்தி, 6 மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர் இன்னொரு பத்தி என்று பிரித்ததும் இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே வந்தது. இதை எழுதினால் நம் பெயர் கெடும் என்றார்கள். நாக் கேட்பது ஆணையின் நகல், அதை அப்படியே ஏற்றலாம், இந்த இரண்டாவது பத்தி நமக்காக என்று நானும் கல்லூரியின் தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று கேட்டபோது பெரும்பாலும் ஒரே பதில்தான்: முதல் இரண்டு மாதச் செலவு. சம்பளம் வரும் முன் விடுதிக்கு முன்பணம், மெஸ், பஸ். திறமையோ விருப்பமோ குறைந்து யாரும் திரும்பவில்லை. எனவே ஆணை வந்ததும் அந்த மாணவரோடு உட்கார்ந்து முதல் 60 நாள் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறோம். அதே ஊரில் ஏற்கெனவே இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரின் எண்ணைக் கொடுக்கிறோம். திருப்பூரில் முன்பு போன மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, புதிதாகப் போகிறவர்களை முதல் மாதம் தங்க வைக்கிறார்கள். அந்த ஏற்பாடு நாங்கள் செய்ததல்ல, எண் கொடுத்ததோடு சரி.

பின்தொடரும் வேலைக்கு ஒரு குறிப்பு. மாணவர்களின் எண் மாறிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லாத ஊர்களும் உண்டு. அதனால்தான் இரண்டாவது எண். அம்மா, அக்கா, ஊர்க் கடைக்காரர், யாராக இருந்தாலும் நீண்ட நாள் மாறாத எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் மாணவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்தால் கிடைப்பார்கள், மற்ற நாட்களில் இலை பறிக்கப் போயிருப்பார்கள்.

கருத்துப் படிவம் இப்போது பெயர் இல்லாமல், சந்திப்பு முடிந்து 3 மாதம் கழித்துக் கொடுக்கப்படுகிறது. மூன்றே கேள்விகள். வரும்போது உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது? இப்போது அது தெரிந்ததா? எதை நாங்கள் மாற்ற வேண்டும்? முதல் வருடமே வந்த ஒரு பதில்: "மேம் நாங்க பேசும்போது அடிக்கடி போன் பாக்குறாங்க." யாரைச் சொன்னது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த 20 நிமிடம் என் போன் மேசை டிராயரில் இருக்கும். இன்னொரு படிவத்தில், "கம்பெனிக்காரங்க எல்லாம் இங்கிலீஷ்லயே பேசினாங்க, புரியலன்னு கை தூக்க வெக்கமா இருந்துச்சு" என்று இருந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் பேசி முடித்ததும் எங்களில் ஒருவர் பத்து நிமிடம் தமிழில் திரும்பச் சொல்கிறோம்.

இரண்டாம் முறை குழு வந்தபோது 14 ஃபைல் இல்லை, 5 தான். கேட்ட ஆதாரம் எல்லாமே இருந்தது, ஏனென்றால் பதிவேட்டிலிருந்தே எண்ணிக்கை எடுத்துவிடலாம். விசிட்டுக்காக ஓர் இரவுகூட நாங்கள் உட்காரவில்லை. குறை சொன்ன படிவங்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன மாற்றினோம் என்ற குறிப்பையும் முதல் ஃபைலாக வைத்திருந்தேன். இந்த முறை வந்தவர் வேறு ஒருவர், அவர் அதைக் கேட்கவே இல்லை. நானாக எடுத்துக் காட்டினேன். நின்றுகொண்டே வாசித்தவர் பிறகு உட்கார்ந்து வாசித்தார். மாணவர்களோடு நடந்த சந்திப்பில் ஒரு பையன் எழுந்து, இரண்டாமாண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும், கடைசி வருடம் மிகத் தாமதம் என்று சொன்னான். முதல்வர் முகம் மாறியது. எனக்கு அவன் சொன்னது சரியென்று பட்டது. போன வருடத்திலிருந்து இரண்டாமாண்டிலேயே ஆரம்பித்துவிட்டோம். ஆளுக்கு 60 என்பது 110 ஆகிவிட்டதால் இன்னும் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்திருக்கிறோம். அவர்களுக்கு வேலைப்பளுவில் இதற்கென்று மணி ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் ஆகவில்லை. மையத்துக்கு ஆள் நேரத்தை ஒதுக்காத நிர்வாகம் எந்த அளவுகோலிலும் தேற முடியாது என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் இதுவரை 17 பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. அதில் 9 பேர் குந்தா பக்கம். போன மாத மழையில் பஸ் ஓடாமல் கல்லூரிக்கே சரியாக வராதவர்கள். வரும் சனிக்கிழமை நானும் தாவரவியல் ஆசிரியரும் மஞ்சூர் போகிறோம். அங்கே ஒரு பள்ளியில் ஒரு வகுப்பறை கேட்டு வாங்கியிருக்கிறோம். கதவு உள்ள அறை கிடைத்திருக்கிறது.